அக்கா பெயின்ட் அடிக்க மறுத்த இறக்கை

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்காக அச்சிட்ட இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கையாகிய என் வணக்கம்.

இந்தக் கட்டுரையை எப்படி எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வந்தவர்கள் பலர். "அமைதியே உருவானவர், அதிர்ந்து பேசாதவர், யார் மனமும் நோக நடக்காதவர்னு போடுங்கம்மா. எல்லாருக்கும் அப்படித்தான் போடறது" என்றார் அச்சகத்துக்காரர். மாதிரிக்கு அவர் காட்டிய மலர்கள் எல்லாவற்றிலும் அந்த வரியே இருந்தது. அக்கா அமைதியானவர் இல்லை. முப்பது வருடம் ரிவிட் அடிக்கிற கூடத்தில் வேலை பார்த்ததால் அவருக்குக் காது மந்தம். சாதாரணமாகப் பேசினாலே தெருவில் இருப்பவர்கள் சண்டையோ என்று எட்டிப் பார்ப்பார்கள். யார் மனமும் நோகாமல் நடந்தார் என்பதும் பொய். இதைப் படிக்கிறவர்களில் அவரால் மனம் நொந்தவர்கள் நிறையவே இருக்கிறீர்கள். அதற்காக அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

அக்கா பிறந்தது பாரூர் ஏரிக் கால்வாயை ஒட்டிய ஒரு குடியிருப்பில். அப்பா அடுத்தவர் வயலில் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போய் வந்தவர். அம்மா காய்ச்சலில் இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. சமையலும் நானும் அக்காவின் பொறுப்பில் வந்தோம். அப்படியும் பத்தாம் வகுப்பில் தேறினார். தேறிய வாரமே சித்தப்பா ஒரு மாப்பிள்ளையோடு வந்தார். அதே வாரம் அக்கா தொழிற்பயிற்சி நிலையத்தில் தகட்டு வேலைப் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தார். அப்பாவிடம் பெருவிரல் ரேகை வாங்கியது எதற்கு என்று அப்பாவுக்கே பிறகுதான் தெரியும். அந்தப் பிரிவில் அவர் ஒருவரே பெண். பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் படித்து முடித்தார். இதை இங்கே எழுத வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். எழுதிவிட்டேன்.

பிறகு ஓசூர். முதலில் ஒரு கம்பெனியில் பாகங்கள் பூட்டும் வேலை, அப்புறம் கர்நாடக எல்லைக்கு அந்தப்பக்கம் விமானப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ரிவிட் என்பது இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி, அதை அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் துப்பாக்கி போன்ற கருவியால் அடிப்பார். உள்ளே ஒருவர் ரிவிட்டின் வாலில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பார். அக்கா கட்டை பிடிக்கிற ஆளாகச் சேர்ந்து, அந்தப் பிரிவு முழுவதையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற நிலைக்கு உயர்ந்து, ஓய்வு பெற்றார். திருமணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஷிப்ட்டு ஒத்துவரல" என்ற ஒரே பதில். என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போனபோது, பெட்டியோடு வந்து நின்ற என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் சாவி கொடுத்தவர் அவர். ரோஜாப் பண்ணையில் பூப் பிரிக்கும் வேலைக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான்.

அவர் விமானத்தில் வேலை செய்கிறார் என்பதை ஊரில் யாரும் நம்பவில்லை. காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் எங்கள் சித்தப்பா, ஒரு கல்யாணப் பந்தியில், "கூட்டிப் பெருக்கற வேலையா இருக்கும். பெருமைக்குச் சொல்லிக்கிது" என்றார். இந்த மலர் சித்தப்பாவுக்கும் போயிருக்கும். வணக்கம் சித்தப்பா.

ஓய்வு பெற்ற வருடம், எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில், என்ன படிக்கலாம் என்று பெண்களுக்குச் சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். டை கட்டிய ஒருவர் திரையில் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். கனவு காணுங்கள் என்றார். பாதிப் பேர் கண்டுகொண்டிருந்தார்கள். அடுத்து அக்கா. ஒரு பையிலிருந்து பெட்டி போல மடித்த இரண்டு அலுமினியத் தகடுகளையும் ஒரு கை ட்ரில்லையும் சுத்தியலையும் சில ரிவிட்டுகளையும் எடுத்து வைத்து, "யாரு வரீங்க?" என்றார். சானமாவுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் மஞ்சுளா எழுந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற பெண், அப்போது ஒன்பதாம் வகுப்பு.

"மிஸ், இதெல்லாம் ஆம்பளைங்க வேலை இல்லியா?"

"ஆம்பளை கை இந்தச் சந்துக்குள்ள போவாது. உன் கை போவுதா பாரு."

போனது. ரிவிட் அடித்ததும் இரண்டு தகடும் ஒன்றாயின. அதைப் பிரித்துக் காட்டுங்கள் என்று அக்கா கூட்டத்துக்குள் விட்டார். இழுத்தார்கள், மிதித்தார்கள், ஒருத்தி கடித்துக்கூடப் பார்த்தாள். பிரியவில்லை. அடுத்த வாரமும் வந்து பேச முடியுமா என்று தலைமையாசிரியை கேட்டார். "பேச வரல. ஏரோப்ளேன் கட்டலாம்னா வரேன்" என்றார் அக்கா.

"கட்டலாமே மேடம். மேசை மேல நிக்கற அளவுக்குங்களா?"

"ரெண்டு பேர் உள்ள உக்கார்ற அளவுக்கு."

தலைமையாசிரியை சிரித்தார். ஆனாலும் அரசு கொடுக்கும் சைக்கிள்களை நிறுத்தி வைக்கும் கொட்டகையில் பாதியை ஒதுக்கித் தந்தார். அந்தச் சிரிப்புக்கும் கொட்டகைக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். பெங்களூரில் ஓய்வாக இருந்த ஒரு பொறியாளர் தம் வரைபடங்களைக் கொடுத்தார். அக்காவின் பழைய கூட்டாளிகள் கம்ப்ரஸரும் கருவிகளும் கொண்டுவந்தார்கள். தரச்சான்று இல்லாத ஒரு துண்டுத் தகட்டைக்கூட அக்கா உள்ளே விடவில்லை. பார்க்க வந்த எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: இது பறக்குமா? "பறக்க உத்தரவு குடுக்கறது தில்லிக்காரங்க வேலை. பறக்கற தகுதியா கட்டறது நம்ம வேலை. நம்ம வேலைய நாம பாப்போம்" என்பார்.

சனிக்கிழமைதோறும் வேலை. இறக்கைக்குள் கட்டை பிடிப்பவளுக்கு வெளியே அடிப்பவள் தெரியமாட்டாள். கம்ப்ரஸர் சத்தத்தில் குரலும் கேட்காது. அதனால் தட்டிப் பேசுவார்கள். உள்ளிருந்து தகட்டில் ஒரு தட்டு தட்டினால் சரி. இரண்டு தட்டினால் இன்னும் கொஞ்சம் அடி. மூன்று தட்டினால் கெட்டுவிட்டது, துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அக்காவின் கம்பெனியில் அதுதான் பழக்கம். தெலுங்குப் பெண்ணும் கன்னடப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் ஒரே இறக்கையில் வேலை செய்ய அது போதுமானதாக இருந்தது. முதல் மாதம் முழுவதும் மூன்று தட்டுதான் கேட்டது. யாரையும் அக்கா திட்டவில்லை. மூன்று தட்ட வேண்டிய இடத்தில் ஒன்று தட்டிய பெண்ணை மட்டும் திட்டினார். அவள் அழுதுவிட்டாள். அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றாள்.

அவள் பெயர் ரேஷ்மா. கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவளுடைய அப்பா, மகளைக் கையோடு கூட்டிப்போக ஒருநாள் கோபமாக வந்தார். மகள் துளை போடுவதை வாசலில் நின்று கால் மணி நேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம், "பிட்டு மொக்கையா இருக்குதுங்க. நல்லதா நான் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

உறவில் பேசியதை நான் மறக்கவில்லை. வயதான காலத்தில் கோயில் குளம் என்று போகாமல் தகரம் தட்டுகிறாள் என்றீர்கள். அடுத்த வீட்டுப் பெண்களின் கையைக் கெடுக்கிறாள் என்றீர்கள். அக்காவின் காதில் அது விழவில்லை என்று நினைத்திருந்தால் தவறு. வேண்டாததை விழவிடாமல் இருக்க அந்த மந்தக் காது அவருக்கு வசதியாக இருந்தது.

வலது இறக்கை முடிந்தது மூன்றாவது வருடம். பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளன்று ஓர் அதிகாரி ஆய்வுக்கு வருவதாகச் செய்தி வந்தது. முழு இறக்கையைக் கண்ணால் பார்த்துவிட்டால், கொட்டகையை நிரந்தரமாக இதற்கே ஒதுக்க எழுதித் தருவார் என்றார்கள். இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். மூன்று வருட உழைப்பு அந்த ஒரு நாளை நம்பி இருந்தது. அதை நான் கெடுத்தேன். இதை நானே எழுதாவிட்டால் இந்த மலருக்கு அர்த்தம் இல்லை.

ஆயுத பூஜையன்று கொட்டகையில் பொரி, சுண்டல், சந்தனம் எல்லாம் நடந்தது. ஊர்க்கண் முழுவதும் அந்த இறக்கை மேல்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆரத்தி கரைத்துச் சுற்றினேன். வண்டிக்குச் செய்கிற மாதிரி இறக்கையின் ஓரம் நெடுகத் தொட்டு வைத்தேன். மீதியைத் தட்டோடு இறக்கை மேலேயே வைத்துவிட்டு, பிரசாதம் கொடுக்கப் போய்விட்டேன். யாரோ இடித்திருக்கிறார்கள். தட்டு சாய்ந்து, ஆரத்தி இரண்டு தகடுகள் சேருகிற மடிப்புக்குள் இறங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. கொட்டகையைப் பூட்டினோம், நான்கு நாள் விடுமுறை.

ஆரத்தி சிவப்பது மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால்தான். அலுமினியக் குண்டானில் சுண்ணாம்பு கரைத்து வைத்தால் குண்டான் பொத்தலாகும் என்று சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும். இறக்கையும் குண்டானும் ஒரே உலோகம் என்பது மட்டும் அந்த நேரம் என் புத்தியில் ஏறவில்லை.

அதிகாரி வருகிற நாள் காலை எட்டு மணிக்குக் கொட்டகையைத் திறந்தோம். காய்ந்த சிவப்புக் கறையை மஞ்சுளா துணியால் துடைத்தாள். அடியில் வெள்ளைப் பொடி. பொடியைத் தட்டினால் அம்மைத் தழும்பு போலக் குழிகள். மடிப்புக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவில்லை. தலைமையாசிரியை கையைப் பிசைந்தார்.

"மேடம், பெயின்ட் இருக்குது. அரை மணி நேரத்துல அடிச்சுடலாம். அவர் என்ன உள்ள பூந்தா பாக்கப் போறாரு? போனப்புறம் பொறுமையா சரி பண்ணிக்குங்க."

நானும் அக்காவிடம் கெஞ்சினேன். "இந்த ஒரு தடவ, எனக்காகக்கா."

அக்கா பெண்களைப் பார்த்து, "இது உங்க கையெழுத்துப் போட்ட ரெக்கை. நீங்க சொல்லுங்க" என்றார். மஞ்சுளா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கீழே கிடந்த இரும்புக் கட்டையை எடுத்தாள். இறக்கையின் மேல் மூன்று தட்டு தட்டினாள். ரேஷ்மா ட்ரில்லை எடுத்து முதல் ரிவிட்டின் தலையில் வைத்தாள்.

அதிகாரி பதினொரு மணிக்குப் புகைப்படக்காரரோடு வந்தார். இறக்கையின் மேல்தகடு பாதி உரிந்து கிடந்தது. பெண்களின் தலைமுடி முழுக்க அலுமினியத் தூள்.

"என்னம்மா இது? முடிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க?"

"முடிஞ்சுது சார். கெட்டுப்போச்சு. மறுபடி பண்றோம்" என்றாள் ரேஷ்மா. "பெயின்ட் அடிச்சிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எங்களுக்குத் தெரியும்."

"கண்காட்சிக்கு வெக்கறதுதானேம்மா? இதுக்கு ஏன் இவ்ளோ?"

அக்கா தம் வழக்கமான குரலில், அதாவது பள்ளி முழுவதும் கேட்கும் குரலில் சொன்னார்: "கண்காட்சிக்குன்னா தெர்மாகோல்ல பண்ணிக்கலாம் சார். இந்தப் பொண்ணுங்க நாளைக்கு ஒரு பாலத்துக்கோ பஸ்ஸுக்கோ கையெழுத்துப் போடுவாங்க. அதுல நீங்களும் போவீங்க."

அதிகாரி படம் எடுக்காமல் போனார். சில வாரங்களில் சைக்கிள்களுக்கு இடம் போதவில்லை என்று கடிதம் வந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் பார்க்க வந்தது ஒரு முழு இறக்கையை. அது அங்கே இல்லை.

நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அக்கா சோற்றுத் தட்டை என் முன்னால் தள்ளி, "அரிப்பு எப்படி பிடிக்கும்னு ரெண்டு வருஷமா படம் போட்டுச் சொல்லியும் அதுங்களுக்கு ஏறல. நீ ஒரே தட்டுல ஏத்திட்டே. தின்னு" என்றார். அவர் எனக்கு ஆறுதல் சொன்ன விதம் அதுதான்.

எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் தகரக் கொட்டகை போட்டோம். குட்டி யானை வண்டியில் இறக்கையைக் கட்டி, பெண்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார்கள். "சானமாவு காட்டு யானை வரும்னு தெரியும். ரெக்கை வெச்ச யானைய இப்பத்தான் பாக்கறேன்" என்று டீக்கடையில் ஒருவர் கத்தினார். பெண்கள் சிரித்த சிரிப்பில் வண்டியே நின்றது. அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். வராமல் போவார்கள் என்று சொன்னவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

நோய் வயிற்றில் இருந்தது. அக்கா அதை மறைத்தார். தெரிந்தபோது மருத்துவர்களுக்கும் செய்வதற்கு அதிகம் இல்லை. கடைசி வாரங்களில் கொட்டகையைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில் போடச் சொன்னார். பக்கத்தில் பேசுவது கேட்காத அவருக்கு, கட்டை நழுவுகிற சத்தம் மட்டும் அங்கிருந்தே கேட்டது. "நழுவுது, நழுவுது" என்று படுத்தபடியே கத்துவார். நான் ஓடிப்போய்ச் சொல்வேன். ஒரு வியாழக்கிழமை பிற்பகல், நான் முகம் துடைத்துவிடும்போது, "மூணாவது வரிசைய பாக்கச் சொல்லு" என்றார். அதன் பிறகு பேசவில்லை, மறுநாள் போய்விட்டார். அக்கா போனது என்னால் தாங்க முடியாத துக்கம். அதை அழகாகச் சொல்ல எனக்கு வராது.

காரியத்தன்று வீடு நிறைய ஆட்கள். பந்தி நடந்துகொண்டிருந்தபோது சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்தத் தகரத்தை என்னாத்துக்கு வெச்சிக்கினு இருக்கற? காயலாங்கடைக்குப் போட மனசு வரலன்னா, பள்ளிக்கூட வாசல்ல கம்பத்து மேல நிக்க வெச்சுடலாம். கேட்டுட்டேன், சரிங்கறாங்க. கீழ உங்கக்கா பேரைப் போடுவோம். பாக்கறவங்களுக்கும் பெருமை."

எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். அக்காவின் பெயர் கல்லில் வருகிறதே என்று ஒரு நிமிடம் எனக்கும் சபலம் தட்டியது. அப்போது வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். துக்கத்துக்கு வந்த உடையில் இல்லை, வேலை உடுப்பில். மஞ்சுளா அப்போது பொறியியல் கல்லூரியில் முதல் வருடம். அத்தனை பேர் முன்னிலையில் கேட்டாள்: "சின்ன மிஸ், இன்னிக்கு சனிக்கிழமை. கம்ப்ரஸர் போடலாங்களா?"

சாவு வீட்டில், பதினாறாம் நாளில், பந்தி நடுவில். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் ஒருவரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பெண்களே தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள், அடுத்த வாரம் இன்னும் குறைவாக வந்திருப்பார்கள், பிறகு அது வாசலில் நிற்கும் பொம்மையாகியிருக்கும். நான் எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டேன். முதல் ரிவிட்டின் சத்தத்தில் ரசம் ஊற்றியவர் கை தவறிப் பாயசத்தில் ஊற்றினார். சித்தப்பா எழுந்து போனார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது வழக்கம் என்பதால், அது கோபம் என்று பலருக்குத் தெரியவில்லை.

உங்கள் அக்கா என்ன சாதித்தார் என்று கேட்கிறவர்களுக்கு: மஞ்சுளா இயந்திரவியல் படிக்கிறாள். ரேஷ்மா கருவிகள் செய்யும் ஒரு டூல் ரூமில் பயிற்சியில் இருக்கிறாள். கல்யாணமாகிப் போன ஒருத்தி வீட்டு மோட்டாரைத் தானே கழற்றி மாட்டிவிட்டாள் என்று அவளுடைய மாமியார் என்னிடம் புகார் சொன்னார். அந்தப் புகாரை இந்த மலரில் பாராட்டாகவே சேர்க்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டும். வரைபடம் தந்த பெங்களூர் ஐயாவுக்கும், சொந்தக் கருவியை மகள்களின் கையில் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் போன கம்பெனிக் கூட்டாளிகளுக்கும், ட்ரில் பிட் தீரும் முன்பே அனுப்பிவிடும் ரேஷ்மாவின் அப்பாவுக்கும், முதல் இடம் கொடுத்த தலைமையாசிரியைக்கும், அக்காவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்த செவிலியருக்கும், சனிக்கிழமைச் சத்தத்தைப் பொறுக்கிற தெருவாருக்கும் எங்கள் நன்றி. பொறுக்காமல் மனு எழுதியவருக்கும் நன்றி. அது வந்த பிறகுதான் தகரச் சுவருக்கு உள்ளே தேங்காய் நார் அட்டை அடித்தோம், எங்களுக்கும் வெயில் குறைந்தது.

வரும் சனிக்கிழமை அக்காவின் திதி. படையல் காலை ஒன்பது மணிக்கு. பத்து மணிக்கு இடது இறக்கையின் கடைசித் தகட்டை அடிக்கிறோம். உள்ளே கட்டை பிடிக்கப்போவது நான். இந்த ஒரு வருடத்தில் மஞ்சுளாவிடமும் ரேஷ்மாவிடமும் கற்றுக்கொண்டேன். சத்தம் ஆகாதவர்கள் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வாருங்கள். ஒரு ரிவிட் கெட்டாலும் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிப்போம், அதனால் இலை போடத் தாமதமாகும். காத்திருங்கள்.